நடு ரோட்டுக்குக் கட்டணம்

செகந்திராபாத் தமிழ்ச் சபையின் பொருளாளர் பதவிக்குத் தேவசகாயம் நின்றது அது மூன்றாவது தடவை. முதல் தடவை தோற்றதற்கு அனுபவம் போதாததைக் காரணமாகச் சொல்லலாம். இரண்டாவது தடவை தோற்றதற்கு முழுக்க முழுக்க அவர் வாய்தான் காரணம். "ஜெபம் பண்ணும்போது எல்லாரும் கண்ண மூடிக்கிடுதோம். அந்த நேரத்துல லைட்டு என்னத்துக்கு?" என்று தேர்தலுக்கு முந்தின வாரம் கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டார். ஆயர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்தவர்களில் ஒருவரும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

மனிதர் அசருகிற ஆள் இல்லை. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, ரயில்வே கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அன்றிலிருந்து இன்றுவரை ஒரே கறுப்புச் சைக்கிளில் ஆபீசுக்குப் போய் வருகிறவர். காசு செலவழிக்காமல் ஒரு காரியம் முடிந்துவிட்டால் அவர் முகத்தில் வருகிற களை, மற்றவர்களுக்குச் சம்பளத் தேதியில்கூட வராது. சபையின் காணிக்கைப் பணம் நாற்காலி உறையாகவும் தெர்மாகோல் நட்சத்திரமாகவும் கரைவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. சாவதற்குள் ஒரு தடவையாவது பொருளாளர் நாற்காலியில், அதுவும் உறையில்லாத நாற்காலியில், உட்கார்ந்துவிட வேண்டும். வாழ்க்கையில் அவர் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான்.

இந்தத் தடவை காற்றும் அவர் பக்கம் அடித்தது. அதற்கு ஜேசுராஜுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அப்போதைய பொருளாளரான ஜேசுராஜ் தாராளப் பிரபு. போன கிறிஸ்துமஸுக்கு, செகந்திராபாத்தில் பனி பெய்யட்டும் என்று ஓர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்தார். பனி எங்கே பெய்தது? சோப்பு நுரை பெய்தது. பாடகர் குழு மொத்தமும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாதிப் பாட்டில் இறங்கி ஓடியது. அன்றிலிருந்து சபையார் தேவசகாயத்தைப் பார்த்தால், "இந்தத் தடவை உமக்குத்தான் அண்ணாச்சி" என்று கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார்கள்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்ததும். வியாழக்கிழமை சாயங்காலம் தேவசகாயம் ஆபீசிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசை மேல் ஒரு மஞ்சள் டி-ஷர்ட் விரித்துக் கிடந்தது. பக்கத்தில் நெஞ்சில் குத்திக்கொள்ளும் ஒரு நம்பர் துணி. அவர் மனைவி மெட்டில்டா சேஃப்டி பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, நம்பரை எங்கே குத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னது இது?"

"சைக்கிள் ரைடு. ஞாயித்துக்கிழமை காலையில."

அது இரண்டாயிரத்துப் பதினொன்று. ஹைடெக் சிட்டிப் பிள்ளைகளுக்கெல்லாம் திடீரென்று சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்த சமயம். ஏதோ ஒரு கம்பெனி இதய நலத்துக்காக என்று சொல்லி ஒரு சைக்கிள் ஓட்டம் ஏற்பாடு செய்திருந்தது. பரேடு மைதானத்தில் புறப்பட்டு, சங்கீத் சந்திப்பு, மெட்டுகுடா, தார்நாகா வழியாக நாச்சாரம் தொழிற்பேட்டை வரை போய், அதே வழியில் திரும்ப வேண்டும். கட்டணம் எழுநூறு ரூபாய். அதற்கு டி-ஷர்ட், வாடகைக்கு ஒரு கியர் சைக்கிள், வழியில் வாழைப்பழம், முடிவில் ஒரு மெடல். மெட்டில்டா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தேவசகாயத்துக்கு எழுநூறு என்பதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை.

"ஏ மெட்டில்டா, அந்த ரோட்டுலதான் நான் தினமும் போறேன். ஒருத்தன் என்ட்ட அஞ்சு பைசா கேட்டதில்ல."

"கேக்க மாட்டாங்கதான்."

"பின்ன நீ என்னத்துக்குக் கட்டுன?"

"எனக்குப் போவணும்னு இருந்துச்சு. என் சம்பளம். கட்டிட்டேன்."

மெட்டில்டா நர்சரிப் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க சின்னப் பிள்ளைகளோடு பேசிப் பேசி, எதையும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவாள். சின்ன வயதில் ரயில்வே காலனிக்குள் கையை விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டினவள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் தார்நாகாவில் பின்னால் வந்த பஸ் அடித்த ஹாரனில் வெலவெலத்துப்போய்ச் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கினாள். அப்புறம் ஏறவே இல்லை. தேவசகாயமும் ஏறச் சொல்லவில்லை. பஸ் பாஸ் இருக்கிறதே என்று இருந்துவிட்டார்.

"ஜேசுராஜுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்னு யோசிச்சியா? பொருளாளருக்கு நிக்கவன் வீட்டுலயே எழுநூறு ரூவாய ரோட்டுல கொட்டிட்டாம்னு தமுக்கடிப்பாம்."

"தெரிஞ்சுருக்கும்," என்றாள் மெட்டில்டா. "எம்பேர கம்ப்யூட்டர்ல பதிஞ்சு குடுத்ததே ஃபிரெடிதான்."

ஃபிரெடி என்பவன் ஜேசுராஜின் மகன். தேவசகாயம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனபோது ஜேசுராஜ் கேட்டிலேயே காத்துக்கொண்டிருந்தார். கூடவே ஒரு பத்துப் பேர், எல்லோரும் வாக்காளர்கள்.

"என்னவே, சிக்கனத்துக்குச் சிறகு மொளச்சுட்டாம்லா? ஊரான் ரோட்டுல ஓட்ட எழுநூறு ரூவாயாம்? என் நொர மிஷினாவது சபையில எல்லாருக்கும் பெஞ்சுது. இது உம்ம ஒரு வீட்டுக்கு மட்டும்லா பெய்யுது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தேவசகாயத்துக்குக் காது மடல் சூடேறிவிட்டது. அந்த நேரத்தில் பேசாமல் உள்ளே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் பேசாமல் போகத் தெரிந்திருந்தால் அவர் போன தடவையே பொருளாளர் ஆகியிருப்பாரே!

"அது ஒரு பரிசோதன வே," என்றார்.

"என்ன சோதன?"

"எங்க வீட்டுல ஒருத்தி காசு கட்டிப் போறா. நான் காசு கட்டாமப் போறேன். ஒரே ரோடு, ஒரே நேரம். காசு கட்டுனதுக்கு என்ன கெடச்சுதுன்னு ஞாயித்துக்கிழம ஓட்டுக்கு முன்னால சபையில எந்திரிச்சு நின்னு சொல்லுதேன். வீணுன்னா வீணு."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லன்னு சொல்லுதேன்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவசகாயத்தின் சிக்கனத்தைக் கேலி செய்கிறவர்கள்கூட அவர் வாயிலிருந்து பொய் வராது என்பதை ஒப்புக்கொள்வார்கள். ஒருமுறை காணிக்கைப் பைக்குள் யாரோ கிழிந்த நோட்டைப் போட்டுவிட்டார்கள் என்று ஆயர் வருத்தப்பட்டபோது, நடு ஆராதனையில் எழுந்து, "அது நாந்தான்" என்று சொன்னவர். ஜேசுராஜும் சரி என்று தலையாட்டினார். தேவசகாயம் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார். ரோடு ஓசி. இதில் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவர் தயாரானதைப் பார்த்தால் காசிக்குக் கிளம்புகிறவர் தோற்றுப்போவார். காசு கட்டினவர்களுக்குக் கிடைக்கிற எதுவும் தனக்குக் குறையக் கூடாது என்பது அவர் கணக்கு. வீட்டு வாழைப்பழம், குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதம், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் சாமான் எல்லாவற்றையும் கேரியரில் கட்டினார். பெட்டியில் கிடந்த பழைய மஞ்சள் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். மெடலுக்கு மட்டும் வழி தெரியவில்லை. கேரியர் கனத்தில் சைக்கிளின் முன் சக்கரம் லேசாகத் தூக்கியது.

பரேடு மைதானத்தில் ஒரே மஞ்சள் கூட்டம். மேடையில் ஒரு பையன் குதித்துக் குதித்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க, ஸ்பீக்கர் அலற, எல்லோரும் குதித்தார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று தேவசகாயமும் குதித்தார். பாட்டுச் சத்தத்துக்குக் கயிறு கட்ட முடியாதே! முதல் வெற்றி என்று அவர் மனதுக்குள் குறித்துக்கொண்டபோது, கையில் வாக்கி-டாக்கி வைத்திருந்த ஒரு பெண் வந்தாள்.

"அங்கிள், மீ நம்பர் ஏதி?" என்று தெலுங்கில் நம்பரைக் கேட்டாள்.

"நம்பர் லேது. பப்ளிக் ரோடும்மா."

"ஹவ் அங்கிள், ஆமா, ரோடு பப்ளிக்தான்," என்றாள் அவள், பாதித் தமிழில், மிகவும் மரியாதையாக. "கயிறு எங்களோடது. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க, ப்ளீஸ்."

கொடி அசைந்தது. மஞ்சள் சைக்கிள்கள் எல்லாம் புறப்பட்டன. மெட்டில்டா நடுவில் எங்கேயோ மறைந்துவிட்டாள். கடைசிச் சைக்கிளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் போனது. அதற்குப் பின்னால்தான் போலீஸ்காரர் பொதுஜனத்துக்குக் கையை அசைத்தார். பொதுஜனம் என்றால் தேவசகாயமும், அவருக்குப் பின்னால் மூச்சு முட்ட நின்றிருந்த அத்தனை ஆட்டோக்களும். எல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்தன. ஒரு ஆட்டோ அவருடைய பம்பைத் தட்டிவிட்டுப் போனது. அவர் இறங்கிப் பொறுக்கி, மறுபடி கட்டி, ஏறி மிதித்தார்.

சங்கீத் சந்திப்பில் மறுபடியும் நிறுத்திவிட்டார்கள். பின்தங்கின மஞ்சள் சைக்கிள்கள் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தன. ஒருவர் போட்டோ எடுத்துக்கொள்ள நடுவழியில் இறங்கி நின்றார். அவருக்காகவும் போலீஸ் எல்லோரையும் நிறுத்தியது. பக்கத்து ஆட்டோக்காரர் தேவசகாயத்தின் மஞ்சள் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரேஸ் மே கைக்கு நை ஜாரே, சாப்?" ரேசில் ஏன் போகவில்லை என்று கேட்டார்.

"பைசா கைக்கு தேனா? ரோடு ஃப்ரீ ஹை நா!" ஓசி ரோட்டுக்கு எதற்குக் காசு என்று இவர் திருப்பிக் கேட்டார்.

"ஹவ்," என்று ஒத்துக்கொண்ட ஆட்டோக்காரர், இஞ்சினை அணைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து, பீடியைப் பற்றவைத்தார்.

தேவசகாயத்துக்கு இது பொறுக்கவில்லை. மெட்டுகுடாக்காரனுக்கு வழியா தெரியாது? சைக்கிளைத் திருப்பிச் சந்துக்குள் விட்டார். குவார்ட்டர்ஸ் பின்புறம், துணி காயப்போட்ட கொடிகளுக்குக் கீழே குனிந்து, யார் வீட்டுப் புடவையோ முகத்தில் மோத, நாய் ஒன்று சொந்தக்காரன் மாதிரி கூடவே ஓடி வர, மெட்டுகுடா மெயின் ரோட்டில் போய் முளைத்தார். அங்கே பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் சட்டையைப் பார்த்ததும் இவருக்கும் தட்டினார்கள். ஒரு சிறுமி ஓடி வந்து வாழைப்பழத்தை நீட்டினாள்.

அவர் கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அது காசு கட்டினவர்களின் பழம். "நக்கோ பேட்டா, ஹமாரே பாஸ் ஹை," வேண்டாம், தன்னிடமே இருக்கிறது என்று சொல்லி இறங்கி, கேரியரை அவிழ்த்து, தன் பழத்தை எடுத்துக் காட்டினார். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கட்டை மறுபடி போடுவதற்குள் பின்தங்கின கூட்டத்தில் பாதி அவரைத் தாண்டிப் போய்விட்டது. நேர்மை என்பது அவருக்கு ஒரு வியாதி மாதிரி. வேளை கெட்ட வேளையில்தான் வரும்.

அவர்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு தார்நாகா வரை போனார். அங்கே இருந்த போலீஸ்காரர் கெட்டிக்காரர். சட்டையைப் பார்க்கவில்லை, நம்பரைப் பார்த்தார். நம்பர் இல்லாத தேவசகாயத்தை, குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டார். அவருக்கு வலது பக்கம் ஒரு பஸ், இடது பக்கம் ஒரு தண்ணீர் லாரி. இரண்டும் மாற்றி மாற்றி ஹாரன் அடித்தன. கேரியர் சரிந்து, எலுமிச்சைச் சாதம் எங்கேயோ ஒழுக ஆரம்பித்திருந்தது. காலை வெயில் சுள்ளென்று அடித்தது.

அப்போதுதான், பின்தங்கினவர்களிலும் பின்தங்கி, மெட்டில்டா வந்தாள்.

ஓரமாக வரவில்லை. ரோட்டின் நட்டநடுவில், பஸ் மட்டுமே போகிற இடத்தில், தனியாக வந்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தாள். முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. வாய் ஏதோ பாடிக்கொண்டிருந்தது. பஸ் டிரைவர் பொறுமையிழந்து ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். சாக்கடை எந்தப் பக்கம் என்று தேவசகாயத்தின் கண் தானாகத் தேடியது.

மெட்டில்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்திப்பின் நடுவில் இருந்த போலீஸ் குடையை நெருங்கியவள், நேரே நாச்சாரம் பக்கம் போக வேண்டியதுதானே? போகவில்லை. குடையை ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றி முடித்தவளுக்கு என்ன தோன்றியதோ, இன்னொரு சுற்றும் சுற்றினாள். கெட்டிக்காரப் போலீஸ்காரர் கையைத் தூக்கியபடியே, குடைக்குக் கீழே நின்று, அவளோடு சேர்ந்து தானும் மெல்லத் திரும்பினார். தார்நாகா மொத்தமும் நின்றது. பஸ் நின்றது, தண்ணீர் லாரி நின்றது, பொருளாளர் வேட்பாளரும் நின்றார்.

இரண்டாவது சுற்றில் அவள் அவரைப் பார்த்துவிட்டாள். மணியை அடித்து, ஒரு கையை விட்டு ஆட்டி, "என்ன, வாரியளா?" என்று கத்தினாள். கத்திவிட்டுச் சிரித்தாள். தேவசகாயம் அவளோடு எத்தனையோ வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார். அந்தச் சிரிப்பு இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, கூடவே நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றும் இருந்தது. வெறுமனே தலையை ஆட்டினார்.

கயிறு இறங்கியது. பஸ்ஸும் லாரியும் போயின. அவர் போகவில்லை. அவள் திரும்பி வரும்வரை அங்கேயே நின்று, மிச்சமிருந்த எலுமிச்சைச் சாதத்தைத் தின்றார். அவள் திரும்பி வந்தபோது மறுபடியும் கயிறு கட்டினார்கள். இந்தத் தடவை அவர் தானாகவே கயிற்றுக்குப் பின்னால் போய் முதல் ஆளாக நின்றுகொண்டார்.

ஆராதனைக்கு மெட்டில்டா புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆனால் மெடலைக் கழற்றவில்லை. பெண்கள் பக்கத்தில் அவளைச் சுற்றிப் பிள்ளைகள் மெடலைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்தார்கள். பிரசங்கத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் ஆயரே பொறுமையில்லாமல், "அண்ணாச்சி, அந்தப் பரிசோதனை..." என்று இழுத்தார்.

தேவசகாயம் எழுந்தார். முந்தின நாள் ராத்திரி தயார் செய்து வைத்திருந்த பேச்சு நாக்கு நுனியில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரிசையில் புன்னகையோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஜேசுராஜைப் பார்த்தார். 'வீண்' என்ற ஒரு சொல் போதும். நாற்காலி தன்னுடையது. பிறகு பெண்கள் பக்கம் பார்த்தார். மெட்டில்டா அவரைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைக்கு மெடலின் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் நாச்சாரம் வரைக்கும் போவல," என்றார். "தார்நாகாவிலயே நிறுத்திட்டாங்க. ரோடு ஓசிதான், நான் சொன்னது சரிதான். ஆனா நடு ரோடு ஓசி இல்ல. ஓசி ரோட்டுல ஓரமாத்தான் போவ விடுவாங்க. நான் ஆம்பள, எனக்கு அந்த ஓரமே போதுமாயிருந்துச்சு. இவளுக்கு அதையும் ஹாரன் அடிச்சுப் புடுங்கிட்டாங்க." பெண்கள் பக்கம் கையைக் காட்டினார். "இன்னைக்கு ஒரு பஸ்ஸு, ஒரு தண்ணி லாரி, ஒரு போலீஸ்காரரு, நானு, எல்லாரும் எம் பொண்டாட்டிக்காவ நின்னோம். ரெண்டு ரவுண்டு. அந்தக் காசு வீணு இல்ல. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். ஜேசுராஜின் ஆட்கள் தரை அதிரக் கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்தும் கைதட்டல் கேட்டது. அது வேறு மாதிரி இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று தேவசகாயத்துக்குப் புரியவில்லை. தோற்றாயிற்று என்று மட்டும் புரிந்தது.

ஓட்டுகளை எண்ணினார்கள். ஒருமுறை எண்ணிவிட்டு, ஆயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இன்னொருமுறை எண்ணச் சொன்னார். பெண்கள் பக்கத்துப் பெட்டியில் இருந்த ஓட்டுகள் அநேகமாகத் தேவசகாயத்துக்கே விழுந்திருந்தன. அப்படியிருந்தும் அவர் தோற்றார். ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். ஜேசுராஜ் வந்து கட்டிப்பிடித்து, "பயங்காட்டிட்டீரேவே!" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தேவசகாயம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மெட்டில்டா மெடல் ஆடப் பக்கத்தில் நடந்தாள்.

"ஒரு ஓட்டு," என்றார் அவர். "ஒரே ஒருத்தன் மாத்திப் போட்டுருந்தா நாந்தான் பொருளாளர். எவன்னு மட்டும் தெரியட்டும்."

"நாந்தான்," என்றாள் மெட்டில்டா.

சைக்கிள் நின்றது.

"ஜேசுராஜுக்கா போட்ட? நீயா?"

"நீங்க பொருளாளர் ஆனா ஞாயித்துக்கிழம பூராவும் காணிக்க எண்ணிட்டு உள்ளேயே கெடப்பிய. அடுத்த மாசம் காஞ்சன்பாக் பக்கம் இன்னொரு ரைடு இருக்கு. ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டேன்."

தேவசகாயம் நடு ரோட்டில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை.

"காசு?"

"கட்டியாச்சு."

"திருப்பித் தர மாட்டாங்களா?"

"ஒரு பைசா தர மாட்டாங்க."

"அப்பப் போய்த்தான் ஆவணும்," என்றார் தேவசகாயம். முடிந்தவரை கடுப்பாகச் சொல்லப் பார்த்தார். முடியவில்லை. "கட்டுன காசு வீணாப் போவக் கூடாதுல்லா."